காப்பிச் சூடு கிரீமைக் காப்பாற்றாது

சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்துகிறேன். போன ஞாயிறு இரவு கதவைச் சாத்தும் நேரத்தில் ஐந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், ஏழு பேருக்கும் வாந்தி. பிறந்தநாள் விருந்தாம். பெரியவர்கள் இருவரும் கேக்கைத் தொடவே இல்லை, மேலே கிரீம் போட்ட காப்பி மட்டும் குடித்திருக்கிறார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ரோஸ் சிராப் கலந்து மதியம் ஒரு மணிக்கு அடித்த கிரீம், ஐந்து மணிவரை மண்டப மேசையில் இருந்திருக்கிறது. இந்த வருடம் எனக்கு வந்த மூன்றாவது கிரீம் கேஸ் இது.

"காப்பி கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு டாக்டர், அதுல கிருமி எப்படி உயிரோட இருக்கும்?" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்தார். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கிருமி சாகலாம், சரி. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வளரும்போதே உணவில் நஞ்சைக் கக்கி வைக்கிறது. அந்த நஞ்சு அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அசையாது, கோப்பைக் காப்பி எம்மாத்திரம்? மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்தாலும் போகாது. வாசமும் மாறாது, ருசியும் மாறாது. நஞ்சு ஏற்கெனவே தயாராக இருப்பதால்தான் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி.

கிரீம் அடித்தவரின் கட்டைவிரலில் பிளாஸ்டர். செம்பனை முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இப்படிப்பட்ட சீழிலிருந்துதான் கிரீமுக்குப் போகும். உணவு கையாள்பவர்கள் போட்டுக்கொள்ளும் டைபாய்டு ஊசியின் அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த ஊசி டைபாய்டுக்கு அம்மா, சீழுக்கு இல்லை.

கிரீமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பண்டான் இலை போட்டுக் காய்ச்சிய கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு கலந்து அடிப்போம். பாகு நன்றாக ஆற வேண்டும், சூடாக ஊற்றினால் கொழுப்பு உருகிக் கிரீம் நிற்காது. காப்பித் தூள் என்றால் ஒரு கரண்டி சுடுநீரில் கரைத்து, ஆறியபின் சேருங்கள். பாத்திரத்தையும் குளிர வைத்துக்கொள்ளுங்கள்.

பசும்பால் கிரீம் நம் வெயிலில் சீக்கிரம் சரிந்து மானத்தை வாங்கும். தாவர எண்ணெயில் செய்த டாப்பிங் அப்படிச் சரியாது. பூவாக நிமிர்ந்தே நிற்கும், நாமும் கெடவில்லையென்று நம்பிவிடுவோம்.

அடித்ததை உடனே 4 பாகை குளிரில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 பாகை தாண்டும் நம்மூர் மதியத்தில் ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கையில் புண் இருந்தால் கரண்டியை வேறு ஆளிடம் கொடுங்கள்.

வாந்தி வந்துவிட்டால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆன்டிபயோட்டிக் கேட்டு அடம் பிடிக்காதீர்கள், நஞ்சுக்கு அது மருந்தில்லை. பிள்ளை துவண்டு போனாலோ சிறுநீர் போகாமல் இருந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

தயவுசெய்து கிரீமை விருந்தன்று மதியமே அடித்து வைக்காதீர்கள். மிஷினில் ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் வந்தபின் அடித்தால் கரண்டியை நக்க வரிசையில் நிற்பார்கள், கேக் வெட்டும்வரை அமைதியாகவும் இருப்பார்கள்.