பர்னாந்து என்று பேர் இருந்தால் போர்ச்சுகல் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கிடைக்காது. பதில் இவ்வளவுதான், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு வேறு வேலை பார்க்கப் போகலாம். ஏன் கிடைக்காது, அந்தப் பேர் நம்மிடம் எப்படி வந்தது, அதை வைத்து யார் காசு பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குத்தான் மீதி.

தூத்துக்குடியில் சிவில் வழக்குகளும், வாரிசுச் சான்று, பெயர்த் திருத்தம் மாதிரியான ஆவண வேலைகளும் பார்க்கிற வக்கீல் நான். மணப்பாடு, வேம்பார், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் பக்கமிருந்து வருகிற பையன்களில் கொஞ்சப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். "சார், எங்க பேரு போர்ச்சுக்கீசியப் பேரு, அப்போ எங்க முன்னோர் அங்கேயிருந்து வந்தவங்கதானே, ஐரோப்பியக் குடியுரிமை எங்களுக்கு உரிமையா வருமாமே?" என்று கேட்பார்கள். சொன்னது யார் என்றால் ஏதோ ஒரு ஏஜென்ட். ஃபைல் போட, வம்சாவளி தேட, மொழிபெயர்க்க என்று அட்வான்ஸும் கேட்டிருப்பார். சிலர் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

சரி, பேர் எப்படி வந்தது? 1530களில் முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடியைச் சுற்றிய இந்தக் கடற்கரையில், பரதவர்கள் பெரிய நெருக்கடியில் இருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமை யாருக்கு என்று உள்ளூர் முஸ்லிம் வணிகர்களோடு மோதல். அந்த நேரத்தில் ஜோவாவோ தா குரூஸ் என்கிற, ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்த ஒரு குதிரை வணிகர் தந்த யோசனையில், பரதவர்களின் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போய் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. 1535 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அத்தனை பேரும் இந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள். அப்போது இங்கே இருந்த போர்ச்சுக்கீசியர்கள் மாலுமிகள், படைவீரர்கள், வியாபாரிகள், பாதிரியார்கள் என்று சொற்பம்தான். அந்தச் சொற்பப் பேருக்கு இத்தனை வம்சம் பெருகியிருக்க முடியுமா என்று யோசித்தாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

ஞானஸ்நானத்தின்போது புதுப் பேர் வைப்பது வழக்கம். அது பாதிரியாரின் பேராக இருக்கும், ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுக்கீசியரின் பேராக இருக்கும், அல்லது அன்றைக்கு யாருக்கோ வாயில் வந்த ஒரு புனிதரின் பேராக இருக்கும். 1542இல் இங்கே வந்த சவேரியார், 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பேரை எழுதிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். அப்படி எழுதிக் கொடுத்த பேர்களின் வாரிசுகள்தான் இன்றைய பர்னாந்து, ரோச், மச்சாடோ, மிராண்டா, கொரேரா, வாஸ், ரொட்ரிகோ எல்லாம். பேர் வந்தது உண்மை. ரத்தமும் கூடவே வந்தது என்பதற்கு அந்தப் பேர் சாட்சி ஆகாது.

கலப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கொச்சியிலும் கோவாவிலும் இலங்கையிலும் போர்ச்சுக்கீசிய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டியது வரலாறு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்ச்சுக்கீசியக் கிரியோல் என்கிற கலப்பு மொழி பேசுகிற பறங்கியர், அதாவது ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர், இருக்கிறார்கள், அவர்களில் பல குடும்பங்களின் பேர் டச்சுப் பேர் என்பது தனி வேடிக்கை. போர்ச்சுக்கீசிய மொழி பேசுகிறவருக்கு டச்சுப் பேர், தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாத நமக்குப் போர்ச்சுக்கீசியப் பேர்!

இன்னொரு விஷயம் இருக்கிறது, ஏஜென்ட் அதைச் சொல்லவே மாட்டார். நம் பர்னாந்துவின் மூலம் பெர்னாண்டோ. போர்ச்சுகலில் பெர்னாண்டோ என்பது பிள்ளைக்கு வைக்கும் பேர், நம்மூரில் முருகன், சுரேஷ் என்று வைக்கிற மாதிரி. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட விசிகோத்துகளின் ஜெர்மானியப் பேர் ஒன்றிலிருந்து வந்தது, அரசர்கள் பலர் வைத்துக்கொண்டதால் பரவியது. அங்கே குடும்பப் பேர் என்றால் பெர்னாண்டஸ், அதாவது பெர்னாண்டோவின் மகன். போர்ச்சுக்கீசில் கடைசியில் 'எஸ்' வரும், ஸ்பானிஷில் அதே இடத்தில் 'இஸட்' எழுதுவார்கள். ரொட்ரிகோ, ரொட்ரிகஸ் கதையும் இதேதான். நேராக ஒரு போர்ச்சுக்கீசியத் தகப்பன் வழியில் வந்த குடும்பப் பேர் என்றால் அது பெர்னாண்டஸ் என்று வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கோவாவில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. நம் கரையில் பர்னாந்து என்றே நின்றதற்கு நான் பார்க்கிற காரணம், நம்மிடம் குடும்பப் பேர் என்ற வழக்கமே இல்லை, தகப்பன் பேரை அப்படியே பிள்ளையோடு சேர்ப்பதுதான் வழக்கம். ஞானஸ்நானத்தில் ஒருவருக்குப் பர்னாந்து என்று வைத்தார்கள், அவர் பிள்ளை அதை ஒட்டிக்கொண்டார், பேரன் விடவில்லை. அங்கோலாவிலும் இதே மாதிரி பெர்னாண்டோ, ஜோவாவோ, அந்தோனியோ எல்லாம் கடைசிப் பேராக நிற்பதைப் பார்க்கலாம்.

இன்றைக்கு பர்னாந்துவைக் குடும்பப் பேராக வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே அதிகம் இருக்கிற நாடு போர்ச்சுகல் இல்லை, இலங்கை. பெரேரா, சில்வா, பர்னாந்து மூன்றும் அங்கே தடுக்கி விழுந்தால் தட்டுப்படுகிற பேர்கள். பெரேரா என்பது பேரிமரம் நிற்கிற இடத்தைக் குறிக்கும் பெரெய்ராவிலிருந்து தேய்ந்து வந்தது, சில்வா என்றால் காடு, பிரேசிலில் அதிபர் லூலா முதல் மிகச் சாதாரணக் குடும்பங்கள் வரை கோடிக்கணக்கானவர்களின் பேர். அங்கேயும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் இந்தப் பேர் சூட்டப்பட்டது. 2019இல் டர்பன் டெஸ்டில் கடைசி விக்கெட்டுக்கு 78 ரன் சேர்த்து தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்த ஜோடி ஞாபகம் இருக்கிறதா? குசல் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும். ஸ்கோர் அட்டையை மட்டும் லிஸ்பனில் ஒருவரிடம் காட்டினால் சொந்த ஊர்ப் பையன்கள் என்றுதான் நினைப்பார்!

இலங்கைப் பந்துவீச்சாளர் சமிந்த வாஸின் முழுப் பேரைப் பாருங்கள்: வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். வர்ணகுலசூரிய என்பது சிங்களக் கரையோரச் சமூகத்தின் பரம்பரைப் பேர், பட்டபெந்திகே என்பது பட்டம் கட்டப்பட்டவரின் வீட்டார் என்ற வீட்டுப் பேர், ஜோசப் ஞானஸ்நானப் பேர், கடைசியில் வருகிற வாஸ் தான் போர்ச்சுக்கீசியம். வம்சத்தைத் தேட வேண்டுமானால் வரிசையின் ஆரம்பத்தில் தேட வேண்டும், நாம் எல்லோரும் கடைசிப் பேரைப் பிடித்துத் தொங்குகிறோம். வாஸ் என்றதும் இன்னொருவர்: 1687இல் டச்சுக்காரர்களின் கெடுபிடிக்கு நடுவில் இலங்கைக்கு வந்து கத்தோலிக்கத்தை உயிரோடு வைத்த ஜோசப் வாஸ் அடிகள், 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். கோவாவின் கொங்கணி பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

போர்ச்சுக்கீசியர் இலங்கையை விட்டுப் போனது 1658இல். அதற்குப் பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியும், பௌத்தர்களாக இருந்தவர்கள்கூட அந்தப் பேர்களை விடவில்லை. விட்டவர்களும் உண்டு. டொன் டேவிட் ஹேவாவிதாரணவாக இருந்தவர்தான் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலர் ஆனார். புத்தளம், சிலாபம், நீர்கொழும்புக் கரையில் பல பர்னாந்து குடும்பங்கள் ஒரு காலத்தில் தமிழ் பேசி, பள்ளிக்கூடம் வழியாகச் சிங்களத்துக்கு மாறியவை. கொழும்பு, நீர்கொழும்பில் இருக்கிற பரதர்கள் நம் கரையிலிருந்து போனவர்கள். அதே கரையில் இருக்கிற வென்னப்புவ பக்கமிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் மிக அதிகம், அதனால் மிலானில் ஒரு பெர்னாண்டோவைச் சந்தித்தால் அவர் ஐபீரியாவிலிருந்து வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், வென்னப்புவக்காரராக இருக்கத்தான் சாத்தியம் அதிகம்.

பேர் வேறு வம்சம் வேறு என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி பிலிப்பைன்ஸ். 1849இல் ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா, மக்களுக்கு நிலையான குடும்பப் பேர் இல்லாததால் வரி வசூலும் கணக்கெடுப்பும் குழம்புகிறது என்று ஓர் ஆணை போட்டார். சுமார் 60,000 பேர்கள் கொண்ட ஒரு அகரவரிசைப் பட்டியல் தயாரானது, அதைப் பகுதி பகுதியாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். சில ஊர்களில் ஒட்டுமொத்த ஜனங்களுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பேர் வந்தது இப்படித்தான்.

இனி சட்டம். போர்ச்சுகல் குடியுரிமை கேட்கிற வழி இந்தியாவில் இருப்பது கோவா, டாமன், டையூ போல 1961 டிசம்பர் வரை போர்ச்சுகல் ஆட்சியில் இருந்த பகுதிகளில் பிறந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும்தான். அதற்கும் பேர் அடிப்படை இல்லை, பிறப்புப் பதிவு அடிப்படை. கோவாவில் பிறந்த நாயக், காமத் என்ற பேர்க்காரர் விண்ணப்பிக்கலாம், தூத்துக்குடி பர்னாந்து விண்ணப்பிக்க முடியாது, ஏனென்றால் தூத்துக்குடி போர்ச்சுக்கீசியர் கையை விட்டுப் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நாகப்பட்டினம், கொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எதற்கும் இதே பதில்தான்.

அப்புறம் அந்த யூத வம்சாவளிக் கதை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் விரட்டப்பட்ட, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களின் சந்ததிக்குக் குடியுரிமை தரும் சட்டங்கள் 2015இல் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடைமுறைக்கு வந்தன. உடனே ஆயிரக்கணக்கான குடும்பப் பேர்கள் கொண்ட பட்டியல்கள் இணையத்தில் சுற்ற ஆரம்பித்தன, உங்கள் பேர் இருந்தால் நீங்கள் தகுதியானவர் என்று. அப்படி ஒரு அதிகாரப்பூர்வப் பட்டியலே கிடையாது. யூதச் சமூக அமைப்புகளின் சான்று, வம்சாவளி ஆவணங்கள் என்று நிறையக் கேட்டார்கள், ஸ்பெயின் அந்தக் கதவை 2019 அக்டோபரில் மூடியது, போர்ச்சுகல் விதிகளை இறுக்கிக்கொண்டே போனது. அந்தப் பழைய பட்டியலின் பிரிண்ட் அவுட்டை இன்னமும் என் மேஜையில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சட்டப்படி தகுதி உள்ள கோவாக்காரர்களும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை நமக்கு இல்லை, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கினாலும் ஓட்டுரிமை வராது.

என் வேலையில் இந்தப் பேர் கொடுக்கிற நிஜமான தலைவலி வேறு, அது எழுத்துக்கூட்டல். தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நகர்மன்றத் தலைவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்கிறோம், ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ் என்று எழுதுகிறார்கள். அவருக்கே அப்படி என்றால் சாதாரணக் குடும்பத்தைக் கேட்க வேண்டாம். தாத்தாவின் மூலப்பத்திரத்தில் பர்னாந்து, கோவில் ஞானஸ்நானச் சான்றில் பெர்னாந்து, அப்பாவின் ஆதாரில் பெர்னாண்டோ, மகனின் பாஸ்போர்ட்டில் பெர்னாண்டஸ். சொத்தை விற்கப் போகும்போது வாங்குகிறவர் வைத்திருக்கும் வக்கீல் இந்த நாலும் ஒரே குடும்பம்தானா என்று கேட்பார், கேட்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடு பர்னாந்துதான், ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. வாரிசு என்று நிரூபிக்கக் குடும்பப் பேர் எதற்கும் உதவாது, பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும் வாரிசுச் சான்றும்தான் பேசும்.

இதில் மோசமானது, ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வேண்டுமென்றே பேரை மாற்றுவது. 'பர்னாந்து என்றால் எடுபடாது, பெர்னாண்டஸ் என்று போட்டால் போர்ச்சுக்கீசியப் பேர் என்று ஒத்துக்கொள்வார்கள்' என்று சொல்லி அரசிதழில் பேர் மாற்றம் செய்ய வைக்கிறார்கள். பள்ளிச் சான்றிதழ் ஒரு பேரில், அப்பா சொத்து ஒரு பேரில், பாஸ்போர்ட் புதுப் பேரில் என்று ஆகி, கடைசியில் வேலை விசாவுக்கே சிக்கல் வருகிறது. பிறப்புச் சான்றில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எல்லாவற்றிலும் கொண்டு போங்கள், ஆங்கிலத்திலும் சேர்த்துத்தான். ஏற்கெனவே சிறு வித்தியாசங்கள் இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதுவே போதும், சில அலுவலகங்கள் தாசில்தாரின் சான்று கேட்கும். பேரை மாற்றிவிட்டவர்கள் பழைய பேருக்குத் திரும்ப வேண்டுமானால் மறுபடியும் அரசிதழ்தான், மறுபடியும் அதே விண்ணப்பம், அதே கட்டணம், அதே காத்திருப்பு.