நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும்

"அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும் டாக்டர்." நாகப்பட்டினத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரமும் கேட்டேன். முகத்துவாரத்தில் அலை அடித்து ஃபைபர் படகு கவிழ்ந்திருக்கிறது. இருபதைத் தாண்டாத பையன். காதுக்கு மேலே படகின் விளிம்பு பட்ட காயம். அவனுடைய ஜாக்கெட் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கிடந்ததாம். காப்பாற்ற முடியவில்லை.

நினைவு இருக்கும் வரைதான் நீச்சல். தலையில் அடிபட்டவன் எப்படி நீந்துவான்? வலைக்கயிறு காலில் சுற்றியவன்? ராத்திரியில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாதவன்? மயங்கி விழுந்தவனுக்கு, அவன் கொள்ளிடத்தை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்திக் கடந்தவனாகவே இருந்தாலும், அந்த நேரத்தில் நீச்சல் தெரியாது. ஆறு, குளம், வாய்க்கால் என்று தண்ணீரிலேயே வளர்ந்ததால் நமக்குப் பயம் விட்டுப்போயிருக்கிறது. இறந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

தண்ணீருக்கு மேலே பறப்பதுபோல ஓடும் பந்தயப் பாய்மரப் படகுகளை எங்கள் பையன்கள் செல்போனில் வாய்பிளந்து பார்க்கிறார்கள். அமெரிக்கா கோப்பை என்ற படகுப் பந்தயத்தில் நடப்புச் சாம்பியனோடு மோதும் அணியைத் தேர்ந்தெடுக்க நடக்கும் தொடர் அது. சரி, அந்த ஆட்கள் உடம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? 2013 மே 9 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், அந்தத் தொடருக்குத் தயாரான ஆர்ட்டெமிஸ் அணியின் படகு பயிற்சியின்போது கவிழ்ந்து உடைந்தது. ஆண்ட்ரூ சிம்ப்சன் அதனடியில் சிக்கி இறந்தார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வாங்கியவர் அவர். "அவருக்குத் தெரியாததா" என்று விட்டுவிடவில்லை போட்டியை நடத்தியவர்கள். 37 பாதுகாப்புப் பரிந்துரைகள் வந்தன: தலைக்கவசம், மிதவை உடை, கையால் பிடிக்காமலே சுவாசிக்க உதவும் காற்றுக் குப்பி, காற்று வேகத்துக்கு வரம்பு. 2021 ஜனவரியில் ஆக்லாந்தில் அமெரிக்கன் மேஜிக் அணியின் படகு பந்தயத்தின் நடுவே கவிழ்ந்தது. அத்தனை பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

நம் ஆட்களுக்குக் காற்றுக் குப்பியெல்லாம் வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மிதவைப் பட்டை உள்ள ஜாக்கெட் ஒன்று போதும். அந்தப் பட்டைதான் மயங்கியவனின் முகத்தை மேலே நிறுத்த உதவும். அது இல்லாததை வாங்காதீர்கள். துறையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். வலை இழுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்பீர்கள், தெரியும். முகத்துவாரம் தாண்டும்போதாவது கழற்றாதீர்கள். படகு உரிமையாளர்களே, ஜாக்கெட் போடாதவனை ஏற்றாதீர்கள். தயவுசெய்து.

அப்புறம், முங்கியவரைத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள், 108 வரும்வரை விடாதீர்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். தண்ணீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் திணறும்.