அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தால்

“எங்க வீட்டுக்காரர் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு வக்கீலய்யா, அவர் பேருக்குத் தபால் வந்திருக்கு” என்று ஓர் அம்மா உறையை நீட்டினார். தாலுகா அலுவலக நோட்டீஸ். எழுபதுகளில் நிலமற்ற ஏழை என்று அரசு ஒப்படை செய்த, அதாவது உழுது பிழைக்கக் கொடுத்த, நிலத்தைச் சாகுபடி செய்யாமல் தரிசாகப் போட்டிருப்பதால் ஒப்படையை ஏன் ரத்து செய்யக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தரவும். அதில் பதினோரு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

ஒப்படைப் பட்டா கிரயம் வாங்கிய நிலத்தின் பட்டா மாதிரி அல்ல. வருவாய்த் துறையின் நில ஒப்படை விதியான வருவாய் நிலை ஆணை 15-இன்படி கொடுக்கும் நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது, மூன்று வருஷத்துக்குள் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிலேயே இருக்கும். அதனால் முதலில் அந்த உத்தரவைத்தான் கேட்டேன். டிரங்குப் பெட்டியில் பாதி செல்லரித்துக் கிடைத்தது.

அடுத்தது அடங்கல். எந்தப் பசலியில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. பசலி என்பது ஜூலை முதல் ஜூன் வரை. கடைசி ஆறு பசலிக்கும் ‘தரிசு, கருவை’ என்றே இருந்தது. அதற்கு முன்னால் சில வருஷம் சோளம், கம்பு. முதல் மூன்று வருஷத்தில் பயிர் ஏறியதா என்பதும், பிற்பாடு மழையில்லாமல் தரிசாகிப் போனதும் வேறு வேறு கேள்விகள். நோட்டீஸ் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது. ஏன் பயிர் வைக்கவில்லை என்பதை அந்த அடங்கல் சொல்லவில்லை. கிணறு இல்லை, புருஷன் படுக்கையில் கிடந்தார் என்பதையெல்லாம் நாம்தான் விளக்கத்தில் சொல்ல வேண்டும். தீர்வை (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் அட்டை, உரக்கடை பில் எது இருந்தாலும் சேருங்கள்.

இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பி, வாரிசுகளைக் கேட்காமல் போடும் ரத்து உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். அதற்காகப் பதில் தராமல் இருந்துவிடாதீர்கள். பதில் இல்லாத கோப்பில் உத்தரவு எழுதுவது சுலபம்! பல பத்தாண்டு கழித்து அதிகாரிகள் திடீரென்று விழித்துக்கொண்டால், 1969-இல் குஜராத் அரசு எதிர் ராகவ் நாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்வோம்: சட்டத்தில் கெடு குறிப்பிடாவிட்டாலும் அதிகாரத்தை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

பஞ்சமி நிலம் என்றால் எனக்குக் கோபமே வரும். 1892 அரசாணையின் வழியில் ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த நிலத்தில் வேறொருவர் வேலி போட்டு உள்ளே விடாமல் வைத்திருப்பார். ‘சாகுபடி செய்யவில்லை’ என்ற பழி மட்டும் ஒப்படைதாரர் தலையில் விழும். அப்படியானால் ஆக்கிரமிப்பு பற்றிக் கொடுத்த பழைய மனுக்களின் நகல்தான் முதல் சான்று.

சரி, அந்த அம்மா கதை. விளக்கம் கொடுத்தோம், வாரிசுச் சான்று வைத்தோம், நேரில் வந்து புலத்தைப் பார்க்கச் சொல்லி மனுவும் போட்டோம். புரட்டாசியில் கருவையை வெட்டி ஒரு பாதியில் சோளம் விதைத்திருக்கிறார். வி.ஏ.ஓ. அடங்கலில் ஏற்றிவிட்டாரா என்று போன வாரம் கேட்டேன். இன்னும் வந்து பார்க்கவில்லையாம்.