8006-ஐ ரவுட்டரில் திறந்து வைக்காதீர்கள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, செல்போனில் தன் வீட்டு சர்வரைத் திறந்து காட்டினார். நெட்வொர்க் வேலைக்குத் தயாராகிறவர். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் 32 ஜிபி ராம் போட்டு, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றி, ஆறு விஎம் (விர்ச்சுவல் மெஷின், மென்பொருளால் ஆன கணினி) ஓட்டுகிறார். "எங்க இருந்தாலும் திறக்கலாம்ணா" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முகவரியின் கடைசியில் 8006 என்று இருந்ததைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைத்தது.

ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கம் 8006 என்ற அந்த போர்ட்டில்தான் ஓடும்; போர்ட் என்றால் நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் வசதி) போட்டு, அதை அப்படியே ஊருக்குத் திறந்து விட்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சர்வர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தோம். லாகின் தோற்றது என்று சொல்லும் 'ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்' வரிவரியாக ஓடியது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வெளி ஐபி, பயனர் பெயர் மட்டும் எப்போதும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்.

"யாருண்ணா இது, என்னைத் தேடி வர்றாங்க?"

"உன்னை யாருக்கும் தெரியாது. இன்டர்நெட்ல இருக்கிற ஐபி எல்லாத்தையும் வரிசையா தட்டிப் பாக்குற ஸ்கிரிப்ட் இது."

வேறு போர்ட் எண்ணுக்கு மாற்றிவிடலாமா என்றார். மாற்றினால் லாக் கொஞ்சம் அமைதியாகும், அவ்வளவுதான். மற்ற எண்களையும் தட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்ட்டுகள் இருக்கின்றன.

ஒரு விஎம்முக்குள் ஒருவன் புகுந்தால் பெரும்பாலும் அந்த ஒன்றோடு நிற்கும். விஎம்களை ஓட்டும் சர்வரே, அதாவது ஹோஸ்ட், கையில் கிடைத்துவிட்டால் ஆறும் அவனுடையது. உள்ளே விண்டோஸ் பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை, டிஸ்க்கையே பூட்டிவிடுவான். 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) செய்தது இதைத்தான். ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரியே விஎம்களை ஓட்டும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களில் விஎம்களின் ஃபைல்களை என்கிரிப்ட் செய்தது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தம்பியும் அப்டேட் போட்டதே இல்லை. போட்டால் 401 என்று பிழை வருகிறதாம். சந்தா இல்லாதவர்களுக்கு அது வரத்தான் செய்யும். ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்றியதும் கட்டணச் சந்தாவுக்கான ரெப்பாசிட்டரிதான் (அப்டேட் வந்து சேரும் கிடங்கு) அமைந்திருக்கும். அதை நிறுத்திவிட்டு 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்பாசிட்டரியைச் சேர்த்தால் இலவசமாகவே அப்டேட் வரும். இது தெரியாமல் ஏற்றிய நாள் கோலத்திலேயே ஓடும் வீட்டு லேப்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்தோம்? ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர உதவும் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டோம். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். ப்ராக்ஸ்மாக்ஸ் லாகினுக்கு, பாஸ்வேர்டோடு சேர்த்து செல்போன் ஆப்பில் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணையும் கேட்கும் டிஓடிபியும் சேர்த்தோம்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. ஹேக்கிங் பழக மெட்டாஸ்ப்ளாய்டபிள் வைத்திருந்தார். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த விஎம் அது. வீட்டு டிவியும் அம்மாவின் போனும் இருக்கிற அதே பிரிட்ஜில் (விஎம்களை நெட்வொர்க்கில் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) தொங்கிக்கொண்டிருந்தது! நெட்வொர்க் கார்டு எதுவும் இணைக்காத தனி பிரிட்ஜ் ஒன்றைப் போட்டு அங்கே தள்ளினோம். ஐந்து நிமிட வேலை.

பேக்அப் இருக்கா என்றேன். "ஸ்னாப்ஷாட் இருக்குண்ணா." ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நேரத்து நிலையை அதே டிஸ்க்கில் பிடித்து வைப்பது, பேக்அப் ஆகாது. ஆனால் அந்தப் பதிலுக்கு அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பில்லிங் மென்பொருளை அப்டேட் செய்யும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அழிக்க மறந்தேன். அது பழைய பிளாக்குகளைப் பிடித்துக்கொண்டே இருக்க, எல்லா விஎம்மும் பங்கு போட்டுக்கொள்ளும் டிஸ்க் இடமான எல்விஎம் தின் பூல் மெல்ல மெல்ல நிரம்பியது. சீசன் நேரம், வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை, எடைச் சீட்டு போட முடியாமல் எல்லா விஎம்மும் ஒன்றாக நின்றன. பூலின் டேட்டா கட்டத்தில் 100.00. ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

ஆகவே தம்பியின் பழைய லேப்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்அப் சர்வர் ஏற்றினோம். ஹோஸ்டுக்குக் கொடுத்த கணக்குக்கு 'டேட்டாஸ்டோர் பேக்அப்' என்ற உரிமை மட்டும். எடுக்கலாம், மீட்கலாம், பழையதைக் கழிக்க முடியாது. நாளைக்கு ஹோஸ்ட் பறிபோனாலும் அந்தக் கணக்கை வைத்து பேக்அப்பை அழிக்க முடியாது. லேப்டாப்புக்கு வேறு பாஸ்வேர்டு. ஒரு விஎம்மை மீட்டும் பார்த்தோம், ஏறியது.

மறுவாரம் போன் செய்தார். பேக்அப்புக்கு என்கிரிப்ஷனும் போட்டுவிட்டாராம்.

"சாவி எங்க வெச்சிருக்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதே சர்வர்லதான்ணா."

சர்வர் போனால் சாவியும் போகும், பேக்அப்பைத் திறக்க முடியாது. இப்போது அந்தச் சாவி காகிதத்தில் பிரின்ட் எடுத்து, அவர் அம்மா நிலப் பட்டா வைத்திருக்கும் கவரில், பீரோவுக்குள் இருக்கிறது.