மணற்குழி ஓரத்தில் ஒரு போன்

வலயமட்டப் போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. கச்சான் காற்றில் மைதானத்துப் புழுதியெல்லாம் வாய்க்குள். பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி நீளம் பாய்தலில் திரும்பத் திரும்ப, காலூன்றிப் பாயவேண்டிய பலகையைத் தாண்டியே மிதித்துக்கொண்டிருந்தாள். "குனிஞ்சு பலகையைப் பாக்காதேங்கோ, வேகம் செத்துப்போகுது" என்று நான் கத்திக் கத்தித் தொண்டை அடைத்ததுதான் மிச்சம். "நான் பாக்கவேயில்லை சேர்" என்று ஒரே பதில்.

கடைசியில் என் போனை 'ஸ்லோமோஷனில்' போட்டு, பலகைக்கு நேர் பக்கவாட்டில் குந்தியிருந்து எடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். கடைசி நாலு எட்டில் தலை தொங்குகிறது. கடைசி எட்டில் பலகையை எட்டிப்பிடிக்கப் போய் இடுப்பு தாழ்கிறது. "ஐயோ, உண்மையாவே பாக்கிறன் சேர்!" அன்றைக்கு அவள் ஓடத் தொடங்கும் அடையாளத்தை ஒரு பாதமளவு பின்னுக்கு நகர்த்தினோம். பார்வைக்கு, குழிக்கு அப்பால் மதிலில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. பதினாறு வருடமாக நான் சொல்லிவருவது பிள்ளைகள் காதில் ஏன் ஏறவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தன் உடம்பு என்ன செய்கிறதென்று ஓடுகிற பிள்ளைக்குத் தெரியாது. கண்ணாடி இல்லாமல் தலைவாரச் சொன்ன கதைதான்.

சாதாரண வீடியோவில் செக்கனுக்கு 30 படம். இப்போதுள்ள பல போன்களில் 120, சிலவற்றில் 240 வரும். 240 இருந்தால் துள்ளலின் உயரத்தை அளக்கவும் செய்யலாம். நின்ற இடத்தில் துள்ளும் பிள்ளையின் கால் நிலத்தை விட்ட படத்திலிருந்து திரும்பத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். 120 படமென்றால் அரை செக்கன். அந்த நேரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு எண்ணான 9.81 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் உயரம் மீற்றரில் வரும்: ஏறக்குறைய 0.31, அதாவது 31 சென்ரிமீற்றர். இறங்கும்போது முழங்காலை மடக்கினால் கணக்குப் பொய், பறந்த நேரம் கூடுதலாகக் காட்டும். கணிதப் பாட ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தன் வகுப்பையே மைதானத்துக்கு இறக்கினார்!

20 மீற்றர் தூரத்தை 'பீப்' ஒலிக்கு ஒலி போய்வந்து ஓடும் 'பீப்' ஓட்டத்துக்கும் போன் போதும். மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடிக்கொண்டு போகும்; அந்த ஒலியைத் தருகிற இலவச 'அப்'கள் இருக்கின்றன. வகுப்புக் கணினியில் கினோவியா என்ற இலவச மென்பொருளைப் போட்டால் முழங்கால் கோணத்தைக்கூட வரைந்து பார்க்கலாம். நவீன கருவி என்று பட்டியல் எழுதிப் பழைய மாணவர் சங்கத்திடம் கையேந்துவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

ஆனால் 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகள், ஒரு போன். எல்லாரையும் படமெடுக்க நினைத்தால் பாடம் வரிசையில் நிற்பதிலேயே முடியும். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான வேகத்தில் உடல் அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதினரில் 81 வீதத்தினருக்கு அது இல்லையென்பதும் அவர்களின் கணக்கு. ஆகவே நான் ஒரு பாடத்தில் ஆறு பேரைத்தான் எடுப்பேன், மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

இனி, என் பிழை. முன்பொருமுறை தடை தாண்டலில் விழுந்த பிள்ளையின் வீடியோவை, திருத்திக் காட்டத்தானே என்று நினைத்து, வகுப்பு 'வட்ஸ்அப்' குழுவில் போட்டேன். இரவுக்குள் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. இரண்டு கிழமை அவள் மைதானப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தாய் தேத்தண்ணி தந்தார், முகம் தரவில்லை. அதற்குப் பிறகு பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எடுப்பதில்லை. எடுத்ததை அந்தப் பிள்ளை மட்டும் பார்க்கும், அவள் கண்முன்னே அழிப்பேன். அழித்தது சில வாரம் போனின் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் வெறுமையாக்க வேண்டும். படங்கள் தானாக இணையத்தில் சேமிபடும் வசதியை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அந்தத் தயக்கத்துக்கு நாங்களே காரணம் கொடுக்கக்கூடாது.

பதிவேட்டில் எழுதுவது எண் மட்டும்தான், அதுவும் அவரவர் போன தவணை எண்ணுக்குப் பக்கத்தில். வேப்பமர நிழலை விட்டு எழும்பாத ஒரு பையன் இருந்தான், எந்த விளையாட்டு இல்லமும் அவனைக் கேட்காது. முதல் தவணையில் அவன் துள்ளல் 106 படம், 24 சென்ரிமீற்றர். இரண்டாம் தவணையில் 115 படம், 28. போன கிழமை எண்ணியபோது 122 வந்தது. நான் பேனையை எடுக்கமுன் கையைப் பிடித்தான்.

"அது செல்லாது சேர். காலை மடக்கிப்போட்டன். இன்னொருக்கா எடுங்கோ."