வேலிப்பருத்திக்கு வேலிதான் வீடா?

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும்போது வேலியோரம் பார்த்துக்கொண்டே நடந்தால் வேலிப்பருத்தி கண்ணில் படும். இதய வடிவ இலை, கிள்ளினால் பால். மென்முள் வைத்த காய்கள் ஜோடியாகத் தொங்கும். முற்றி வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் காற்றோடு போய்விடும். உத்தாமணி என்றும் சொல்வார்கள். பேரிலேயே வேலி இருக்கிறது, சரி. ஆனால் இந்தக் கொடிக்கு வேலிதான் பிடிக்குமா, இல்லை நாம் நடக்கிற பாதை வேலியோரமாகப் போவதால் அப்படித் தோன்றுகிறதா?

இதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு வகை இடத்திலும் கொடிகளை எண்ணி ஒப்பிட வேண்டும். அதற்கு முதலில் இடங்களை இனம் பிரிக்க வேண்டும்: மணல்மேடு, பனங்காடு, சீமைக்கருவேல் காடு, கண்மாய்க்கரை, வேலி. வரைபடத்தில் ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டு, குலுக்கல் முறையில் சில எண்களை எடுக்கிறோம். எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் எண்ணப்போகிற பரப்பைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும்போது, ‘நாலடி தள்ளிக் கட்டினால் என்ன?’ என்று மனசு கேட்கும். தள்ளினால் குலுக்கியதே வீண். மறுபடியும் நடக்க வசதியான இடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம்.

ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் போதும். வேலிக்கு மட்டும் அது ஒத்துவராது. சதுரம் போட்டால் பாதிக்கு மேல் வயல்தான் உள்ளே வரும். அங்கே ஒரு மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். பரப்பு அதே 25 சதுர மீட்டர்தான்.

கொடியை எண்ணுவதுதான் பெரிய பாடு. தலைக்கு மேல் பின்னிக் கிடப்பது ஒரு கொடியா, நாலா? மேலே பார்த்துச் சொல்ல முடியாது. தண்டைக் கையால் பிடித்துக்கொண்டே கீழே வந்து, மண்ணுக்குள் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். வேர் கயிற்றுக்குள் இருந்தால் ஒன்று. வெளியே வேர்விட்டு உள்ளே படர்ந்திருந்தால் கணக்கில் சேராது. கயிற்றின் மேலேயே வேர் இருந்தால்? இரண்டு பக்கம் சேர்த்தி, இரண்டு பக்கம் தள்ளுபடி என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்வோம்.

ஒன்றுமே இல்லாத கட்டத்தில் பூஜ்யம் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பத்துக் கட்டத்தில் 0, 0, 0, 7, 0, 1, 0, 0, 12, 0 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 20, சராசரி 2. பூஜ்யங்களை விட்டிருந்தால் சராசரி ஆறைத் தாண்டியிருக்கும்! அதைவிடச் சுவாரஸ்யம், எண்கள் சிதறியிருக்கும் விதம். கொடிகள் அங்கங்கே தற்செயலாக முளைத்தவை என்றால் எண்களின் மாறுபாட்டளவு (ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, கட்ட எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் வருவது) சராசரியை ஒட்டியே இருக்கும். இங்கே அது சுமார் 17. அப்படியானால் இது கும்பல் கும்பலாக வளர்கிற கொடி. ஏன் என்று தேடலாம்.

தேடும்போது, கொடி எதைப் பற்றியிருக்கிறது, அதன் தடிமன் எவ்வளவு என்றும் எழுதிக்கொள்வோம். வேலிப்பருத்தி சுற்றி ஏறுகிற ஜாதி. வளர்ந்த பனையை அதனால் சுற்றி வளைக்க முடியாது. மட்டை உதிராத வடலி, அதாவது இளம்பனை என்றால் பிடி கிடைக்கும். வேலிக்குச்சி இன்னும் தோது. பனங்காட்டில் பெரிய மரங்கள் வெறுமையாக நிற்க, வடலிகளில் மட்டும் கொடி இருந்தால், அது தேடுவது வேலியை அல்ல, கைக்கு அடங்குகிற குச்சியை.

ஒரு எச்சரிக்கை: எல்லா இடத்தையும் ஒரே பருவத்தில் எண்ணிவிட வேண்டும். வேலியை மழை முடிந்த தை மாதத்திலும் மணல்மேட்டைச் சித்திரை வெயிலிலும் எண்ணினால், வித்தியாசம் இடத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.