டார்ச் லைட் – கைவிளக்கு: ஒரு சொல் விளக்கம்

மின்கலத்தால் எரிவதும் ஒரு கையால் பிடித்து வேண்டிய திசையில் ஒளியைச் செலுத்தத் தக்கதுமான சிறு விளக்கை நாம் டார்ச் லைட் என்கிறோம். காவிரிப் படுகையின் ஊர்களில் இதற்கு டார்ச்சு, பேட்டரி லைட்டு என்னும் இரு பெயர்களும் வழங்குகின்றன. முதியவர்கள் சிலர் "அந்த பேட்டரிய எடு" என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு. சட்டைப்பையில் அடங்கும் விரல் நீள விளக்கும், ஐந்து கட்டை, அதாவது ஐந்து மின்கலம், போட்ட முழ நீளக் குழாய் விளக்கும் இப்பெயர்களுக்குள் அடங்கும். இதற்கு நேரான தமிழ்ச்சொல்லாக மின்சூள், மின்பந்தம், கைமின்விளக்கு, கைவிளக்கு எனப் பலவற்றைத் தமிழ் ஆர்வலர்கள் எழுதி வருகின்றனர். இவற்றுள் கைவிளக்கு என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. அதற்கான காரணம் சொற்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

டார்ச் என்பது ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர், முறுக்குதல் என்னும் பொருளுடைய 'டார்க்வேரே' என்னும் இலத்தீன் வினை. நாரையோ துணியையோ முறுக்கி, மெழுகிலும் கொழுப்பிலும் தோய்த்துக் கொளுத்திய பந்தமே முதலில் டார்ச் எனப்பட்டது. இயந்திரவியலில் முறுக்குவிசையைக் குறிக்கும் 'டார்க்' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. நம் மொழியிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். பஞ்சையோ நூலையோ திரிப்பதால் வந்த பெயர் திரி. திரித்தல் என்றால் முறுக்குதல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் நெருப்பொளிக்கான சொல்லை ஒரே கைவேலை தந்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தரும் செய்தி.

மின்சாரத்தால் எரியும் கைவிளக்கு வந்தபோது, பிரிட்டனில் பந்தத்தின் பெயரையே அதற்கும் நீட்டி, முதலில் மின்டார்ச் என்றும் பிறகு வெறும் டார்ச் என்றும் அழைத்தனர். அமெரிக்கர்கள் ஃபிளாஷ்லைட் என்றனர். டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்த குழாய் விளக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 617,592, 1899 சனவரி 10 அன்று வழங்கப்பட்டது. தாள்குழாய் ஒன்றுக்குள் மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முனையில் பல்பையும் பித்தளை ஒளித்தட்டையும் வைத்ததே அவ்விளக்கு. நாம் இன்றும் அதே அமைப்பைத்தான் கையில் பிடித்திருக்கிறோம். அந்தக் காப்புரிமையைப் பெற்ற நிறுவனத்தை நடத்தியவர் கான்ராட் ஹூபர்ட். பின்னாளில் எவரெடி என்னும் பெயரால் உலகறிந்த நிறுவனம் அது. அக்காலத்து மின்கலம் வலுவற்றது; கரியிழை பல்போ மின்சாரத்தை மிகுதியாக இழுப்பது. ஆகவே விளக்கைத் தொடர்ந்து எரியவிட முடியாது. பொத்தானை அழுத்தினால் சற்றே மின்னும், பிறகு மின்கலத்துக்கு ஓய்வு தர வேண்டும். மின்னி மறையும் ஒளி என்பதால்தான் ஃபிளாஷ்லைட் என்ற பெயர் நின்றது. டங்ஸ்டன் இழை வந்த பிறகே இது நின்றெரியும் விளக்காயிற்று. நீல ஒளி உமிழும் டையோடைச் செய்ததற்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். இன்று சட்டைப்பையில் அடங்கும் விளக்கின் வெள்ளொளி அந்த நீல ஒளியிலிருந்து பெறப்படுவது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலேயர்கள் இரு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சூட்டினர். நெருப்பு எரியும் பந்தமும் டார்ச். மின்சாரம் எரிக்கும் குழாயும் டார்ச். தமிழில் எழுதுவோர் அந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. ஒலிம்பிக் போட்டிக்காக ஓட்டக்காரர்கள் ஏந்தி வருவதைச் சுடர் என்றோ தீபம் என்றோ நாளிதழ்கள் எழுதுகின்றன. அது சரியான வழக்கு. அங்கே கைவிளக்கு என்றால் பிழை. அதே போல, மின்குழாயைப் பந்தம் என்பதும் பொருந்தாது.

நெருப்பு வகைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பந்தம், தீப்பந்தம், தீவட்டி, சூள், கொள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உருவமுடையது. பந்தம் என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் பொருள் உண்டு. கோலின் தலையில் துணியைக் கட்டி எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவது அது. தீவட்டி, தீவர்த்தி என்றும் வழங்கும். வர்த்தி என்பது திரியைக் குறிக்கும் வடசொல். காவிரிக்கரைக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது தீவட்டி பிடிப்பவர் துணியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொல்லை வேறு பொருளுக்குப் பயன்படுத்த மனம் வராது. சூள் என்பது வைக்கோலையோ சுள்ளியையோ சேர்த்துக் கட்டிய பந்தம். இச்சொல்லுக்குச் சபதம் என்ற பொருளும் உண்டு; சூளுரை என்பதில் நிற்பது அது. கருவைக் குறிக்கும் சூல் என்னும் சொல்லோ ஒலியில் மிக நெருங்கியது. மின்சூள் என்று எழுதினால், அகராதியைப் புரட்டாத வாசகர் இம்மூன்றுக்கும் நடுவில் தடுமாறுவார். அச்சொல்லை ஆக்கியவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆயினும் அது ஆங்கிலத்தார் பந்தத்திலிருந்து மின்விளக்குக்கு வந்த வழியை நம் மொழியில் படியெடுக்கிறது. அந்த வழியில் நாம் வரவில்லை.

நாம் வந்த வழி விளக்கின் வழி. பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டில், அரசனின் பாசறைக்குள் இரவில் விளக்கேற்றும் மகளிரைப் பற்றி, "நெய்உமிழ் சுரையர் நெடுந்திரிக் கொளீஇக் கைஅமை விளக்கம் நந்துதொறும் மாட்ட" என்ற அடிகள் வருகின்றன. நெய்யைச் சொரியும் குழாயை உடைய அம்மகளிர், நீண்ட திரியைக் கொளுத்தி, விளக்குகள் அவியுந்தோறும் மீண்டும் ஏற்றுகின்றனர். கையும் விளக்கும் அவ்வளவு பழைய காலத்திலேயே அருகருகே நின்றுவிட்டன. இப்பாட்டைப் பாடிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனாரின் மகன் என்பது நம் படுகைக்குரிய பெருமை. பிற்காலத்தில், ஓரிடத்தில் நிலையாக நிற்கும் குத்துவிளக்கிலிருந்தும் தொங்கும் தூண்டாமணி விளக்கிலிருந்தும் வேறுபடுத்தி, எடுத்துச் செல்லும் சிறு விளக்கைக் கைவிளக்கு என்றே நம் வீடுகளில் வழங்கினர். எண்ணெய் போய் மண்ணெண்ணெய் வந்தபோதும், சிம்னியும் அரிக்கேனும் லாந்தரும் வந்தபோதும், அவை யாவும் விளக்கு என்னும் பெயருக்குள்ளேயே சேர்ந்தன. எரிபொருள் மாறியதற்காக நாம் பெயரை மாற்றியதில்லை. மின்கலம் அந்த வரிசையில் அடுத்தது.

மின்கலம் என்றதும் பேட்டரி என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். அடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்து, வரிசையாக நிறுத்திய பீரங்கிகளைக் குறித்த சொல் அது. பெஞ்சமின் பிராங்கிளின் 1749இல், மின்னூட்டம் சேர்த்து வைக்கும் கண்ணாடிச் சாடிகளை வரிசையாக இணைத்து அதற்கு இப்பெயரை வைத்தார். ஆகவே ஒற்றையாக நிற்பது மின்கலம். பல சேர்ந்தது மின்கல அடுக்கு. பேச்சில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆனால் நம் மக்கள் ஒற்றை மின்கலத்துக்குத் தாமாகவே ஒரு பெயர் வைத்திருக்கின்றனர்: கட்டை. 'ரெண்டு கட்டை லைட்டு', 'மூணு கட்டை லைட்டு' என்று கடையில் கேட்டு வாங்குவார்கள். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட், மூன்றுக்கு 4.5 வோல்ட், பல்பும் அந்தக் கணக்குக்குத் தக்கபடி மாறும். எந்தக் குழுவும் கூடி ஆக்காத இந்தச் சொல், உருவத்தையும் அளவையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. மின்னழுத்தம் என்ற சொல்லை அறியாதவரும், கட்டை கூடினால் வெளிச்சம் தூரம் போகும் என்பதை அதைக் கொண்டு அறிந்திருந்தனர். துத்தநாகக் குவளையே எதிர்முனையாக இருந்து கரைவதால், பழங்கட்டை உள்ளேயே கசிந்து குழாயைக் கெடுக்கும் என்பதையும், ஓய்ந்த கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் சிறிது நேரம் எரியும் என்பதையும் அனுபவத்தால் கண்டனர்.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். விளக்கை ஏற்றுகிறோம், டார்ச்சை அடிக்கிறோம். "லைட் அடித்துப் பார்" என்பது இன்று எல்லோருக்கும் பழகிய தொடர். லாந்தர் தன்னைச் சுற்றி வட்டமாக ஒளி தரும். கைவிளக்கோ பல்பைக் குழியாடியின் குவியத்தில் வைத்து, ஒளியைத் திரட்டி ஒரே திசையில் அனுப்பும். குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் போன்ற அந்தப் பாய்ச்சலுக்கு 'அடி' என்பது மிகப் பொருத்தமான வினை. எண்ணெய் விளக்கை அணைத்தல் என்று சொல்லத் தயங்கிக் குளிர வைத்தல் என்று சொல்லும் வீட்டில்கூட, டார்ச்சுக்கு அந்த மங்கல வழக்கு வரவில்லை. நிறுத்து என்றே சொல்கிறார்கள். வழிபாட்டு விளக்கையும் வேலை விளக்கையும் மக்கள் வினையாலேயே பிரித்து வைத்துள்ளனர்.

படுகையில் இவ்விளக்கின் முதல் வேலை வயலில். மேட்டூர் அணையை வழக்கமாக சூன் 12இல் திறந்து, கல்லணை கடந்து, கிளை வாய்க்கால்களில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, கடைமடைக்காரரின் முறை நள்ளிரவில் வந்தால் அந்நேரத்தில் போய் மடையைத் திறக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவரும் மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மோட்டார் போடப் போகிறார். வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கலாம். எலியைத் தேடி வருவது அது. அப்போது முன்னால் நடக்கும் பெரியவர், பின்னால் வரும் இளைஞரிடம், "தம்பி, தூரத்துல அடிக்காத, காலுக்கு ரெண்டடி முன்னால அடிச்சிகிட்டு வா" என்பார். இந்த ஒரு வரிக்குள் கைவிளக்கின் பயன்பாட்டு முறை முழுவதும் இருக்கிறது. வெகுதூரம் பாயும் ஒளி கண்ணுக்குப் பெருமையே தவிர, அடி எடுத்து வைக்கும் இடத்தைக் காட்டாது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கக் கூடியது. ஆகையால் பாய் விரிக்கும் முன்னும், இரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும் முன்னும் மூலைகளிலும் படிகளிலும் ஒளியை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வீட்டுக்குள் இதன் வேலைகள் நுண்மையானவை. தோட்டின் திருகாணி தரையில் விழுந்துவிட்டால், பெரும்பாலோர் நின்றபடியே மேலிருந்து ஒளியைக் காட்டித் தேடுவார்கள், கிடைக்காது. விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். அப்போது ஒளி தரையை உரசிக்கொண்டு போகும். அரிசிக் குருணைக்குக்கூட நீண்ட நிழல் விழும். திருகாணி இருந்தால் அது பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். அடை வைத்த முட்டையைச் சோதிப்பது இன்னொன்று. ஏழாம் நாள் இருட்டறையில், சிறு கைவிளக்கின் முகத்தை முட்டையின் அகன்ற முனையில் பொருத்தி, ஒளி சிதறாதபடி விரல்களால் சுற்றிப் பிடித்தால், ஓடு முழுவதும் செவ்வொளி பரவும். உள்ளே சிலந்திக் கால்களாகப் பிரிந்து ஓடும் இரத்தக் குழாய்கள் தெரிந்தால் கரு உண்டு. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது கருக்கட்டாத முட்டை. இதற்குப் பெரிய விளக்கு உதவாது; விரலளவு முகமுடைய சட்டைப்பை விளக்கே வேண்டும். பத்தாயத்தின் அடியில் நெல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும், வைக்கோல் போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இரவில் போகவும், தீப்பற்றும் அச்சமில்லாத ஒளி இதுவே. பயிருக்குள் குனிந்து, தூரை விலக்கிப் புகையான் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும்போது பகலிலும் பயன்படும். அடர்ந்த சம்பாப் பயிரின் தூருக்கு வெயில் இறங்குவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. கைப்பேசியில் விளக்கு இருக்கிறதே என்று கட்டை விளக்கைக் கைவிட்டிருந்தவர்கள், கைப்பேசிக்கு மின்னேற்ற வழியில்லாமல் தவித்த நாள்கள் அவை. கைப்பேசி விளக்கு அவசரத்துக்கு உதவும்; ஆயினும் அதற்கு ஒளியைத் திரட்டி அனுப்பும் குழியாடி இல்லை; அதன் ஆற்றலை உறவினரை அழைப்பதற்காகச் சேமித்து வைப்பதே அறிவுடைமை. மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு தனிக் கைவிளக்கும் மாற்றுக் கட்டைகளும் இருக்க வேண்டும் என்று படுகைவாசிகளை நான் வலியுறுத்துவேன்.

இனி எழுதும் முறை. பொதுவாகக் கைவிளக்கு என்றே எழுதலாம். எண்ணெய் விளக்கிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மட்டும் மின்கைவிளக்கு என்க. கைமின்விளக்கு என்பதும் பிழையன்று. எனினும் அது கைவிளக்கு என்னும் பழகிய சேர்க்கையை நடுவில் பிளக்கிறது. சட்டைப்பையில் வைப்பதைச் சிறு கைவிளக்கு என்றும், மருத்துவர் கண்ணின் பாவையைப் பார்க்கப் பயன்படுத்தும் பேனா டார்ச்சைப் பேனா விளக்கு என்றும் சொல்லலாம். தலையில் மாட்டிக்கொள்வது தலைவிளக்கு. கைப்பேசியில் உள்ளது கைப்பேசி விளக்கு. கைவிளக்கு என்பதை இடையில் ஒற்று மிகாமல், பிரிக்காமல், ஒரே சொல்லாக எழுத வேண்டும். வினைக்கு மக்கள் வழக்கையே கொள்ளலாம்: கைவிளக்கை அடித்துப் பார்த்தான் என்று எழுதுவதில் குற்றம் ஒன்றுமில்லை. மின்கலத்தைக் கட்டை என்று எழுதத் தயங்குபவர், கதையிலும் உரையாடலிலுமாவது அதைத் தயங்காமல் எழுதலாம்.